பார்படோஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்ட மகனுக்கு

அன்புள்ள வருண்,

தமிழில் எழுதினால் நந்தினிதான் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனதற்கு, கடைப் பலகை வாசிக்கிற அளவுக்குத் தேறினாய். அம்மாவின் கையெழுத்து உனக்கு எட்டாது. இதையே ஆங்கிலத்தில் மெசேஜாக அனுப்பியிருந்தால், மீட்டிங்குக்கு நடுவில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டிருப்பாய். இப்போது அது நடக்காது. சோபாவில் உட்கார்ந்து, அவள் வாசிக்க வாசிக்க முழுசாகக் கேட்க வேண்டும். நந்தினி, நீயும் ஒரு வரி விடாமல் வாசி. உன்னைப் பற்றி வருகிற இடத்தில் எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஓட்டிவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, "அம்மா, புக்ட்! பார்படோஸ்! ஜூலைல ஒரு ஹோல் வீக்!" என்று கத்தினபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு பேரும் லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு ஓடினவர்கள். இப்போதாவது எங்கேயாவது போய் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். உன் அப்பாதான், "ஜூலையிலயாடா? வெயில் கொளுத்துமே" என்று ஆரம்பித்தார். நீ பேச்சை மாற்றுவதற்காக, "ஓகே அம்மா, நீங்க கரீபியன் போயிருக்கீங்கல்ல, வாட் ஷுட் வீ எக்ஸ்பெக்ட்?" என்று கேட்டாய். நீ மரியாதைக்குக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்டுவிட்டாய். நான் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள். கேட்ட கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

வெயிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கோடையில் கரீபியன் தீவுகளின் வெயில் நியூ ஜெர்சி வெயில் இல்லை. காலையிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். உனக்கு ஏழு வயதில் நாம் பியூர்ட்டோ ரீக்கோவுக்குப் போனபோது, ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்ததும் மீனம்பாக்கத்தில்தான் இறங்கிவிட்டோமோ என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. அதே புழுக்கம், அதே பிசுபிசுப்பு. எனக்குப் பழகின சமாசாரம். நீ ஏ.சி.யில் வளர்ந்தவன், தாங்க மாட்டாய். விடிந்ததும் கடலுக்குப் போய்விடுங்கள், உச்சி வெயிலில் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள், வெயில் சாய்ந்த பிறகு மறுபடி வெளியே வாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். நடு மத்தியானத்தில் மணலில் படுத்து வறுபடுகிறவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். மழையும் பெய்யும். வானம் திடீரென்று கறுத்துக் கொட்டும். கடையோரம் ஒதுங்கி நின்றால் கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி வெயில் அடிக்கும். அதற்குப் பயந்து அறையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். புயல் வேறு. ஜூனிலேயே புயல் பருவம் ஆரம்பித்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பர்தான் மோசம் என்றாலும் ஜூலையை முழுதாக நம்ப முடியாது. கோடையில் ஓட்டல்காரர்கள் விலையைக் குறைத்துக் கொடுப்பது நம் மேல் உள்ள பாசத்தில் இல்லை. அதனால் எதை புக் பண்ணினாலும் கேன்சல் பண்ண முடிகிற மாதிரி பண்ண வேண்டும். இதை மட்டும் நீ செய்திருக்கிறாய் என்று நினைக்கிறேன், உன் அப்பா பிள்ளை.

ஓட்டல்காரர்கள் படத்தில் காட்டாத இன்னொன்று கடல்பாசி. கோடையில் பழுப்பு நிறத்தில் கும்பல் கும்பலாகக் கரை ஒதுங்கும். வெயிலில் கிடந்து அழுகினால் கெட்டுப்போன முட்டை வாடை அடிக்கும். எந்தத் தீவானாலும் அட்லாண்டிக் பக்கம் பார்த்த கரையில்தான் பெரும்பாலும் தொல்லை. காலையில் ஒரு கரை நாறினால் காரை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுங்கள், தீவு ஒன்றும் டெக்சாஸ் அளவு பெரிசு இல்லை. கொசு மருந்து இங்கிருந்தே கொண்டு போங்கள். கரன்ட் போகும். போனால் ரிசப்ஷனுக்கு போன் பண்ணிக் கத்தாதே, வரும்போது வரும். பியூர்ட்டோ ரீக்கோவில் நம் அறையில் கரன்ட் போனதும் நீ அழ ஆரம்பித்துவிட்டாய். நானும் உன் அப்பாவும் சந்தோஷமாக ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசினோம். கடையில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். முதலில் குட் மார்னிங் சொல்லு, அப்புறம் உனக்கு வேண்டியதைக் கேள். நீ நியூயார்க் காபிக் கடையில் கேட்கிற மாதிரி எடுத்த எடுப்பில் ஆர்டர் பண்ணினால் உன்னைக் கடைசியில்தான் கவனிப்பார்கள், அதில் தப்பும் இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நந்தினிக்காக ஒன்று. அவள் சைவம். "நோ மீட்" என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்காதே. பியூர்ட்டோ ரீக்கோவில் ஒரு சின்னக் கடையில் சோறும் பீன்ஸ் குழம்பும் வாங்கினோம். நான் ஒன்றுக்கு இரண்டு தடவை "நோ மீட்" என்று சொல்லித்தான் வாங்கினேன். பரிமாறின அம்மா தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். பாதி சாப்பிட்ட பிறகு எனக்குச் சந்தேகம் வந்து கேட்டால், "மீட் இல்லை, கொஞ்சமாக ஹாம் மட்டும்தான், வாசனைக்கு" என்கிறார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது கறியே இல்லை. அதற்குப் பிறகு நான் மார்க்கெட்டில் வாழைக்காய் வாங்கிவந்து, அறையில் இருந்த சின்ன அடுப்பில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்து, நாம் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன ரைஸ் குக்கரில் சாதம் வைத்துச் சமாளித்தேன். எனவே கறி, ஹாம், மீன், கோழிச் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேள். அவள் வாய் திறந்து கேட்க மாட்டாள். "பரவால்ல, நான் பழம் சாப்ட்டுக்கறேன்" என்பாள். அதை நம்பி நீ மீனை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

இன்னொரு எச்சரிக்கை, நம் ஆட்களுக்கென்றே. நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்காதே, சன்ஸ்கிரீன் போடு. உன் அப்பா தோள் இரண்டும் உரிந்து, திரும்பி வந்த பிறகும் ஒரு வாரம் சட்டை போட முடியாமல் தவித்தார். அது உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் நீ சொல்கிற கதை அந்தக் கடற்கரையைப் பற்றித்தானே? முழங்கால் தண்ணீரில் அப்பா கம்பம் மாதிரி நிற்கிறார், தலைக்கு மேல் ஒரு கையில் தண்ணீர் புகாத ஜிப்லாக் பை, அலை வரும்போதெல்லாம் கையை இன்னும் உயரத் தூக்குகிறார். "ஹி வாஸ் ஷோயிங் த ஓஷன் ஹிஸ் பேப்பர்ஸ்!" என்று நீ நடித்துக் காட்டினால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உன் கல்யாண ரிசப்ஷனில்கூட மைக்கைப் பிடித்துச் சொன்னாய். நன்றாகத்தான் நடிக்கிறாய். அப்பாவும் சிரித்தார்.

அந்தப் பையில் என்ன இருந்தது என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட், அவருடைய எச்-1 வேலை விசா அப்ரூவல் தாள், அவர் மனைவி என்பதால் எனக்குக் கிடைத்த எச்-4 அப்ரூவல் தாள். அவ்வளவுதான். எங்கள் விசா ஸ்டாம்ப் அப்போது காலாவதியாகியிருந்தது. இந்த நாட்டுக்குள் இருக்கிறவரை அதனால் ஒரு பிரச்சினையும் கிடையாது. வெளியே ஒரு அடி வைத்தால், தூதரகத்தில் புது ஸ்டாம்ப் வாங்காமல் திரும்பி வர முடியாது. க்ரீன் கார்டு இன்று வரும் நாளை வரும் என்று காத்துக்கொண்டிருந்தோம். நீ ஸ்கூலில் யாரோ தீவுக்குப் போய் வந்தார்கள் என்று தினமும் நச்சரித்தாய். உன் அப்பா ஆசை ஆசையாக எந்தெந்தத் தீவோ பார்த்தார், நான்தான் ஒவ்வொன்றாக வேண்டாம் என்று அடித்தேன். கடைசியில் மிச்சமிருந்தது பியூர்ட்டோ ரீக்கோ. அமெரிக்காவின் தீவு, நியூவர்க்கிலிருந்து சிகாகோவுக்குப் போய் வருகிற மாதிரி போய் வரலாம், திரும்பும்போது பாஸ்போர்ட் பார்க்கிற கவுன்டரே கிடையாது. பெட்டியைத்தான் சோதித்தார்கள், அதுவும் பழத்துக்காக. நான் ஒளித்து வைத்திருந்த மாம்பழம் அவ்வளவையும் எடுத்துப் போட்டுவிட்டார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் உன் அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. யாராவது கேட்டுவிட்டால்? ஓட்டல் அறையில் வைத்துத் தொலைந்துவிட்டால்? கரையில் வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? அதனால் கடலுக்குள்ளும் தூக்கிக்கொண்டு வந்தார். நீச்சல் தெரிந்த மனுஷன், ஒரு முழுக்குகூடப் போடவில்லை. நீ அவரைச் சுற்றிச் சுற்றி நீந்தினாய். நீ இங்கே பிறந்தவன், உன் நீல நிற அமெரிக்க பாஸ்போர்ட் அறையில் பெட்டிக்குள் கிடந்தது, அதை யாரும் நினைக்கக்கூட இல்லை.

இதை உன்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீ அப்படி வளர வேண்டும் என்றுதான் நாங்கள் இவ்வளவு பாடும் பட்டோம். கதவு பூட்டியிருக்குமோ என்ற நினைப்பே இல்லாமல் நீ நடப்பதைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இப்போது உன்னோடு இன்னொருத்தி நடக்கிறாள்.

நந்தினி, தண்ணீர் குடித்துவிட்டு மேலே வாசி.

ஞாயிற்றுக்கிழமை நீ கத்திக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அவள், "ஆமாங்க அத்தை, சூப்பருங்க" என்றாள். அந்த "சூப்பரு"க்குள் சந்தோஷம் இல்லை. தப்புத் தேடியே பழகின காதுக்கு அது போதும். மறுநாள் மத்தியானம் அவளைத் தனியாக போனில் கூப்பிட்டேன்.

"நந்தினி, உன் ஸ்டாம்ப் எப்பம்மா முடிஞ்சுது?"

"போன வருசமேங்க அத்தை."

"அப்புறம் பார்படோஸ்லேந்து எப்படி உள்ள வருவே?"

"கனடா, மெக்சிகோ போய்ட்டு வர்ற மாதிரி இதுக்கும் முப்பது நாளுக்குள்ள திரும்பினா பழைய ஸ்டாம்ப்பே போதும்ங்கற ரூல் இருக்குன்னு வருண் சொன்னாருங்க. அவரு ஃப்ரெண்டு ஒருத்தரு அப்படித்தான் ஒரு தீவுக்குப் போய்ட்டு வந்தாராம்."

"அந்த ஃப்ரெண்டு ஸ்டூடன்ட் விசால இருந்தவனா?"

"ஆமாங்க அத்தை" என்றாள்.

"எச்-ஒன்ல இருக்கறவங்களுக்குத் தீவுக்கெல்லாம் அந்த ரூல் கெடையாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"ரொம்ப ஆசையா புக் பண்ணிட்டாருங்க அத்தை. இன்னொருக்கா நானே போய் வேண்டாம்னா அவருக்கு வெறுத்துப் போயிருமுங்க. வெக்கேசன் முடிஞ்சதும், எங்கப்பாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு அங்கிருந்தே கோயம்புத்தூர் போயிர்லாம்னு இருக்கேன். ஸ்டாம்பிங் முடிச்சுட்டு வந்துர்றேன். அவருக்கு ட்ரிப்பு கெடாது பாருங்க. வருண்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க அத்தை."

நான் "ம்" என்றேன். "ம்" என்பது வாக்குக் கொடுத்ததாக ஆகாது.

வருண், இப்போது நிமிர்ந்து உட்கார். நீ அவளோடு ஒரு வாரம் கடலில் குளித்துவிட்டு, வெயிலில் கறுத்து, ஏர்போர்ட்டுக்கு வந்து நிற்பாய். உன் விமானம் நியூவர்க்குக்கு. அவளுடையது இந்தியாவுக்கு. அவள் அப்பா கோயம்புத்தூரில் காலையில் வாக்கிங் போய்விட்டு வந்து ஜம்மென்று டிபன் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இருக்காது. ஸ்டாம்பிங்குக்கு அப்பாயின்ட்மென்ட் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அவள் வேலையைக் கம்பெனி பிடித்து வைத்திருக்குமா, தெரியாது. உன் மூலமாக க்ரீன் கார்டுக்குப் போட வக்கீல் இப்போதுதான் தாள்களைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறார். அது என்ன ஆகும், அதுவும் தெரியாது. இத்தனையும் தெரிந்துதான் அந்தப் பெண் கடை கடையாக உனக்கு நீச்சல் டிரவுசர் தேடிக்கொண்டிருக்கிறாள். உன் முகம் வாடக்கூடாது என்பதற்காகத் தன் வேலையையும் உங்கள் வீட்டையும் பணயம் வைக்கத் துணிந்திருக்கிறாள். இதைப் பாசம் என்று நினைத்து நீ உருகிப்போகாதே. எனக்குக் கோபமாக இருக்கிறது. அவள் மேலும்தான், ஆனால் உன் மேல்தான் அதிகம்.

ஏன் உன் மேல் என்று கேட்பாய். போன வருஷம் உன் காலேஜ் நண்பனின் கல்யாணம் லிஸ்பனில். அவளுக்கு போர்ச்சுகல் விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் நீ தனியாகப் போய் வந்தாய். வந்த வாரம் இங்கே நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போட்டோ காட்டிக்கொண்டே நீ அவளைப் பார்த்து, "வித் யூ, எவ்ரிதிங் இஸ் பேப்பர்வொர்க்" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள், எழுந்து போய் ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். ரசம் ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது. அன்றைக்கே நான் உன்னை அதட்டியிருக்க வேண்டும். அந்த ஒரு வரியை மறுபடி கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் அவள் இன்று வாயைத் திறக்கவில்லை. நீ மறந்துவிட்டாய். சொன்னவர்களுக்கு எப்போதும் மறந்துதான் போகும்.

உன்னைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. அவள் ஜுரத்தில் படுத்தபோது நீ கஞ்சி வைக்கத் தெரியாமல் எனக்கு வீடியோ கால் போட்டு, அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் நான். நீ நல்லவன்தான், ஆனால் கேட்கத் தெரியாதவன். "போகலாமா?" என்று கேட்காமல் "புக் பண்ணிட்டேன்" என்று வந்து நிற்கிறாய். அதற்கு சர்ப்ரைஸ் என்று பெயர் வைத்திருக்கிறாய். உன் மாதிரி பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்களுக்கு சர்ப்ரைஸ் நன்றாகத்தான் இருக்கும். அவளுக்கு சர்ப்ரைஸ் என்றால், எந்தத் தாள் காலாவதியாகியிருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். எச்-1ல் இருக்கிற வீட்டில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் பேச வேண்டும், அதுதான் முறை. நானும் உன் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து பேசாமல் ஒரு பயணம் போனதில்லை. சண்டை போட்டுத்தான் பேசினோம், ஆனால் பேசினோம். அவர் ஆசைப்பட்ட தீவை நான் வேண்டாம் என்று அடித்தபோது அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். அதனால் குடி முழுகிப் போகவில்லை. மூன்றாவது நாள் அவரே பியூர்ட்டோ ரீக்கோ மேப்பைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். ஒருத்தர் வேண்டாம் என்று சொல்லி, இன்னொருத்தர் கோபித்துக்கொண்டு, அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட உட்காருவதுதான் கல்யாணம். உனக்கு அந்தக் கோபம் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே அவள் உன்னோடு காலம் தள்ளக்கூடாது.

பார்படோஸ் எங்கேயும் போய்விடாது. அவள் கையில் க்ரீன் கார்டு வந்த பிறகு போங்கள், டிசம்பரில் போங்கள், அப்போது வெயிலும் குறைவு. இந்த ஜூலைக்கு பியூர்ட்டோ ரீக்கோவே போதும். அதே கடல்தான், அதே வெயில்தான், அதே கொசுதான். நான் மேலே எழுதினது எல்லாம் அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டதுதான், ஒன்றும் வீணாகாது. வேண்டுமானால் வக்கீலையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், ஆனால் அவரும் இதைத்தான் சொல்வார். பழைய புக்கிங்கை ரத்துப் பண்ணி, புதிதாக எடுக்கிற வேலை உனக்கு ஒரு சாயங்கால வேலை.

ஆனால் அதையும் நீயாகவே உட்கார்ந்து முடித்துவிட்டு, "ஆல் ஃபிக்ஸ்ட்!" என்று அவள் முன்னால் வந்து நிற்காதே. அதுவும் இன்னொரு சர்ப்ரைஸ்தான். அவளுக்குக் கடலே பிடிக்குமா என்று நீ கேட்டிருக்கிறாயா? அவளுக்கு மலைதான் பிடிக்குமோ, இந்த வருஷம் வீட்டிலேயே தூங்கினால் போதும் என்று இருக்கிறதோ, எனக்கே தெரியாது. நான் அவளிடம் விசாவைப் பற்றி மட்டும்தான் கேட்டேன். மற்றதைக் கேட்க வேண்டியவன் நீ.

நந்தினி, இத்தனையும் வாசிக்க வைத்ததற்கு என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் வந்து சண்டை போடு, பரவாயில்லை. நீ இந்த வீட்டுக்கு வந்து எவ்வளவு நாளாயிற்று, இன்னும் ஒரு தடவைகூட என்னோடு சண்டை போடவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வருண், இந்தக் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வை. போனையும் தள்ளி வை. "உனக்கு எங்க போகணும்?" என்று தமிழிலேயே கேள், உனக்கு அந்த அளவு வரும். அவள் முதலில், "உன் இஷ்டம்" என்பாள். அது பதில் இல்லை. மறுபடி கேள். அவள் வாயால் பதில் வருகிறவரை எனக்கு போன் பண்ணாதே.

அம்மா